கபோட் கோவுக்கு வந்த விருந்தாளிகள்

அம்மா இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் கட்டிலில் கிடந்தபோதுதான் நாங்கள் இருவரும் கபோட் கோவுக்குக் குடிபோனோம். கட்டிலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், அதன்மேல் என் லேப்டாப், லேப்டாப்பில் 'மர்டர், ஷீ ரோட்'. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1984 முதல் 1996 வரை ஓடிய தொடர். டிவியில் அழுகைச் சத்தம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு, வேற ஏதாவது போடு என்று அம்மா சொன்னதால் போட்டேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவேன்.

கதைக்கு அவ்வளவு விளக்கம் தேவையும் இல்லை. மெய்ன் மாநிலத்தில் கடலோரமாக ஒரு சிற்றூர், அதுதான் கபோட் கோவ். (ஊர்க்காட்சிகளைப் படம்பிடித்தது என்னவோ நாட்டின் மறுகோடியில், கலிஃபோர்னியாவின் மெண்டசினோவில்.) அங்கே ஜெசிகா ஃபிளெட்சர் என்று ஓர் அம்மாள். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். பொழுதுபோகாமல் எழுதி வைத்த துப்பறியும் நாவல் ஒன்று உறவுக்காரப் பையன் மூலமாகப் பதிப்பகத்துக்குப் போய்ச் சேர, திடீரென்று பிரபலமாகிவிடுகிறார். கார் ஓட்டத் தெரியாது, சைக்கிள்தான். போகிற இடமெல்லாம் ஒரு கொலை விழும், அவர் கண்டுபிடிப்பார். அம்மா முதல் நாளே அவருக்கு 'டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டாள். அப்புறம் எங்கள் வீட்டில் ஜெசிகா என்ற பெயர் புழங்கவே இல்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கொலை விழுவதற்கு முன்பே, அம்மா திரையில் ஒருவரைச் சுட்டிக்காட்டினாள்.

"ஏட்டி, இவந்தான் கொல்லப் போறான்."

"எப்படிம்மா சொல்லுத? இன்னும் ஒருத்தரும் சாகவே இல்லையே."

"ஆளைப் பாரு. நின்னு பேசுததப் பாரு. ஒரு காலத்துல பெரிய நடிகனா இருந்திருக்கான். அவ்வளவு பெரிய ஆளக் கூட்டியாந்து, ஒரு காப்பியக் குடிக்க வச்சு அனுப்பிருவாவளா?"

அன்று அவள் சொன்ன ஆள்தான் கொலைகாரன். அதற்கப்புறமும் பாதிக்கு மேல் சரியாகவே சொன்னாள். தடயம், நேரம், யார் எங்கே இருந்தார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, அவள் நடிகர்களின் நடையைப் பார்த்தே முடித்துவிடுவாள். ஒரு கிழவி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால், "இவ ராணி வேசமெல்லாம் போட்டிருப்பா" என்பாள். தேடிப் பார்த்தால் அந்தம்மா நாற்பதுகளில் ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்தவராக இருப்பார். கொலைகளை விட்டுவிட்டு இந்த விருந்தாளிகளின் பின்னால் நான் போக ஆரம்பித்தது இப்படித்தான்.

வாரம் ஒரு கதை என்பதால் வாரம் ஒரு புதுக் கூட்டம் வேண்டும். டீச்சர், ஷெரீஃப், டாக்டர் செத் என்று நிரந்தரமானவர்கள் சிலர்தான். செத்துப்போகிறவர், கொல்கிறவர், சந்தேகத்துக்கு ஆளாகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் வருகிறவர்கள். இப்படி 264 வாரம். நம் ஊர்ப் படங்களில் 'கௌரவத் தோற்றம்' என்று பெயர் போடுவார்களே, அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் தப்பாகிவிடும். அங்கே அது பிழைப்பு. இளையவர்களுக்கு ஏணியின் முதல் படி: ஜார்ஜ் க்ளூனி, கோர்ட்னி காக்ஸ், பிரையன் கிரான்ஸ்டன் எல்லாம் பேர் தெரியாத காலத்தில் இந்த ஊருக்குள் வந்துபோனவர்கள். வயதானவர்களுக்கு அதைவிட முக்கியமான ஒன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

டீச்சராக நடித்த ஏஞ்சலா லான்ஸ்பரியே தொலைக்காட்சிக்கு விருந்தாளியாக வந்தவர்தான். ரொம்பக் காலம் அப்படியே இருந்தவரும்கூட.

1925இல் லண்டனில் பிறந்தவர். அம்மா மொய்னா மகில், பெல்ஃபாஸ்ட்டிலிருந்து வந்த நாடக நடிகை. தாத்தா ஜார்ஜ் லான்ஸ்பரி, பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் தலைவராக இருந்தவர். ஏஞ்சலாவுக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா புற்றுநோயில் போய்விட்டார். 1940இல், லண்டன்மீது குண்டு விழத் தொடங்கிய சமயத்தில், அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி அமெரிக்கா வந்துவிட்டார். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஏஞ்சலா வேலை பார்த்தார். அங்கிருந்து நேராக எம்ஜிஎம் ஸ்டுடியோவுக்கு, வாரம் 500 டாலர் சம்பளத்தில். முதல் படம் 1944இல் வந்த 'கேஸ்லைட்'. அதில் திமிர்பிடித்த வேலைக்காரப் பெண். நடிக்கும்போது பதினேழு வயது. முதல் படத்துக்கே ஆஸ்கர் பரிந்துரை, மறுவருடம் 'த பிக்சர் ஆஃப் டோரியன் கிரே'க்கு இன்னொன்று.

இதைப் படித்தால் அடுத்து கதாநாயகியாகியிருப்பார் என்றுதான் தோன்றும். ஸ்டுடியோவுக்குத் தோன்றவில்லை. அந்த முகத்துக்கு வயதான வேடம் பொருந்தும் என்று யாரோ முடிவுகட்டிவிட்டார்கள். அப்புறம் அதுவே விதியாகிப் போனது. இருபத்திரண்டு வயதில் நாற்பதைத் தாண்டிய பத்திரிகை முதலாளி வேடம். 1961இல் எல்விஸ் பிரெஸ்லிக்கு அம்மா. நிஜத்தில் இருவருக்கும் பத்து வயது வித்தியாசம்கூட இல்லை. மறுவருடம் 'த மன்சூரியன் கேண்டிடேட்'டில் லாரன்ஸ் ஹார்விக்கு அம்மா. ஹார்வி அவரைவிட மூன்றே வயது இளையவர். அந்த வேடத்துக்கு மூன்றாவது ஆஸ்கர் பரிந்துரை வந்தது, பரிசு வரவில்லை. அக்காவாக நடிக்கிற வயதில் அம்மாவாகவும், அம்மாவாக நடிக்கிற வயதில் பாட்டியாகவும் போன எத்தனையோ பேரை நாமும் பார்த்திருக்கிறோம். அவர்களில் பாதிப் பேரின் பெயர்கூட நமக்கு நினைவில்லை.

எம்ஜிஎம் ஒப்பந்தம் முடிந்த ஐம்பதுகளில் அவர் தொலைக்காட்சிக்குள் வந்தார். அது வாரம் ஒரு நாடகம் போட்ட காலம், அதில் பல நேரலை. 'லக்ஸ் வீடியோ தியேட்டர்', 'ஃபோர்டு தியேட்டர்', 'ஜெனரல் எலெக்ட்ரிக் தியேட்டர்' என்று சோப்பும் காரும் பல்பும் விற்கிறவர்கள் பெயரிலேயே நிகழ்ச்சிகள். அவற்றில் ஒரு வாரம் வருவார், போவார். இரண்டு குழந்தைகள், ஒரு வீடு, மாதச் செலவு என்கிற கணக்குக்காக ஓடிய ஓட்டம். 1965இல் 'த மேன் ஃபிரம் அங்கிள்' என்ற உளவாளித் தொடரில் ஓர் எபிசோடு. அத்தோடு தொலைக்காட்சியை விட்டு நியூயார்க் மேடைக்குப் போய்விட்டார் என்றே சொல்லலாம். மேடை அவரை ராணியாக்கியது: 1966இல் 'மேம்', 1979இல் 'ஸ்வீனி டாட்', மொத்தத்தில் நடிப்புக்காக மட்டும் ஐந்து டோனி விருதுகள். அந்தக் கதை தனி. என்னால் பார்க்க முடியாத கதையும்கூட. நாடகம் திரை மூடியதும் போய்விடுகிறது. யூடியூபில் கிடைக்கிற துண்டுகளை வைத்து நான் எதுவும் சொல்லக்கூடாது.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் மறுபடி தொலைக்காட்சி. 1982இல் 'லிட்டில் குளோரியா... ஹேப்பி அட் லாஸ்ட்' என்ற குறுந்தொடருக்காகத் தொலைக்காட்சியின் எம்மி விருதுக்கு முதல் பரிந்துரை. பிறகு ஜெசிகா ஃபிளெட்சர் வந்தார். அந்த வேடம் முதலில் ஜீன் ஸ்டேப்பிள்டன் என்ற நடிகையைத் தேடிப் போனது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். லான்ஸ்பரிக்கு அதே சமயத்தில் ஒரு நகைச்சுவைத் தொடரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் துப்பறியும் டீச்சரை எடுத்துக்கொண்டார். 1984 செப்டம்பர் 30, ஞாயிறு இரவு முதல் ஒளிபரப்பு. அடுத்த இரண்டு வாரத்தில் அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. நாற்பது வருடம் அடுத்தவர் வீட்டில் விருந்தாளியாக இருந்தவருக்கு முதல்முறையாகச் சொந்த வீடு.

அந்த வீட்டுக்குள் யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். 'டோரியன் கிரே'யில் டோரியனாகவே நடித்த ஹர்ட் ஹாட்ஃபீல்டு வந்தார். 'ஸ்வீனி டாட்'டில் அவருக்கு ஜோடியாக மேடையேறிய லென் கரியூ திரும்பத் திரும்ப வந்தார், பிரிட்டிஷ் உளவாளியாக. ஜேனட் லீ, மிக்கி ரூனி, வான் ஜான்சன், ஜூன் ஆலிசன், சிட் சரிஸ் என்று எம்ஜிஎம்மின் பழைய வருகைப் பதிவேட்டையே எடுத்து வைத்துக் கூப்பிட்ட மாதிரி இருக்கும். 1987இல் ஓர் எபிசோடு. அதில் 1949இல் வந்த 'ஸ்டிரேஞ்ச் பார்கெய்ன்' என்ற சின்னக் கருப்பு வெள்ளைப் படத்தின் காட்சிகளையே பழைய நினைவாகக் காட்டி, அதில் நடித்த ஜெஃப்ரி லின், மார்த்தா ஸ்காட், ஹாரி மார்கன் மூவரையும் முப்பத்தெட்டு வருடம் கழித்து அதே பாத்திரங்களாகக் கூட்டிவந்தார்கள். கருப்பு வெள்ளையில் இளைஞன், வெட்டியதும் கலரில் கிழவன். மேக்கப் இல்லை, வயதே வேலை செய்திருக்கிறது. அந்த இடத்தில் கீரையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

அம்மாவுக்குப் பிடித்தது பியூட்டி பார்லர் எபிசோடு. அதுவும் 1987. கபோட் கோவில் லொரெட்டா என்பவர் நடத்துகிற பார்லரில் ஊர்ப் பெண்கள் கூடித் தலையைச் சீர்செய்துகொண்டே ஊர்க்கதை பேசுகிறார்கள். லொரெட்டாவாக ரூத் ரோமன். நாற்காலிகளில் கேத்ரின் கிரேசன், குளோரியா டிஹேவன், ஜூலி ஆடம்ஸ். கிரேசனும் டிஹேவனும் எம்ஜிஎம்மின் பாட்டுப் படங்களில் வண்ண வண்ணக் கவுனில் வந்தவர்கள். ஆடம்ஸ் ஐம்பதுகளில் நீர்ப்பூதம் ஒன்று தூக்கிக்கொண்டு போன கதாநாயகி. இப்போது அறுபது பக்கம், வாய் நிறைய வம்பு. யாருக்கு யாருடன் தொடர்பு என்று ஒருவர் ஆரம்பிக்க மற்றவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். இவ்வளவு காலம் அழகாக இருந்தே ஆகவேண்டும் என்ற வேலையிலிருந்து விடுதலையாகி, வேடிக்கையாக மட்டும் இருந்தால் போதும் என்கிற சுகம் அந்த முகங்களில் தெரியும். லான்ஸ்பரி அந்தக் காட்சிகளில் என்ன செய்கிறார் என்று கவனித்தேன். கேட்டுக்கொண்டிருக்கிறார். புருவம் கொஞ்சம் ஏறும், உதடு மடியும், அவ்வளவுதான். காட்சியை அவர்களிடமே விட்டுவிடுகிறார்.

எனக்கு அவர் நடிப்பில் மிகப் பிடித்தது இந்தக் கேட்கிற வேலைதான். டீச்சரைச் சிலர் 'ஒரே மாதிரி வேடம்' என்று ஒதுக்குவார்கள். 264 தடவை, எதிரே உட்கார்ந்திருக்கும் புது ஆள் பொய் சொல்கிறாரா என்று கேட்டுக்கொண்டே இருப்பதும், ஒவ்வொரு முறையும் முதல்தடவை கேட்பதுபோல் இருப்பதும் லேசில்லை. பழைய தமிழில் விருந்து என்றால் புதுமை. வந்தவரைப் புதியவராகப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இது. அமெரிக்க நடிகர்களுக்கு அப்போது 'ஸ்கிரீன் ஆக்டர்ஸ் கில்ட்' என்று தொழிற்சங்கம் இருந்தது (2012இல் வேறொரு சங்கத்தோடு இணைந்துவிட்டது). அதன் மருத்துவக் காப்பீடு கிடைக்க, வருடத்தில் குறிப்பிட்ட தொகைக்காவது சங்க வேலையில் சம்பாதித்திருக்க வேண்டும். வேலை இல்லையென்றால் காப்பீடும் இல்லை. வயதாக வயதாக வேலை குறையும். டாக்டர் செலவு ஏறும். இரண்டும் ஒன்றையொன்று கடந்துபோகிற இடத்தில்தான் பழைய நட்சத்திரங்கள் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். அங்கே ஒரு எபிசோடு, சில நாள் வேலை என்பது ஒரு வருட மருந்து.

மேட்லின் ரூ என்ற நடிகை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எந்தத் தொடரைத் திறந்தாலும் ஒரு எபிசோடில் இருப்பார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்து சக்கர நாற்காலிக்குப் போய்விட்டார். வேலை நின்றது, காப்பீடு கைநழுவுகிற நிலை. லான்ஸ்பரி காதுக்கு விஷயம் போனது. கபோட் கோவ் நூலகத்துக்கு ஒரு நூலகர் வந்தார், சக்கர நாற்காலியில். அந்தப் பாத்திரம் அவ்வப்போது திரும்பிவரும்படி எழுதப்பட்டது. சிறிய வேடம்தான். திரையில் பார்த்தால் இதற்குப் பின்னால் இப்படி ஒரு சங்கதி இருப்பது தெரியவே தெரியாது. ஊர் நூலகத்தில் ஒரு நூலகர், அவ்வளவுதான். உதவி என்று நெற்றியில் எழுதி ஒட்டவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவளுடைய கால் கட்டிலில் நீட்டிக் கிடந்தது. "சம்பளம் குடுத்துல்லா வச்சிருக்கா" என்றாள். அந்த 'சம்பள'த்தில் ஓர் அழுத்தம் இருந்தது.

தன் சொந்த ஆட்களையும் அவர் வீட்டுக்குள் கொண்டுவந்தார். மகன் ஆண்டனி ஷா ஏராளமான எபிசோடுகளை இயக்கினார். தம்பி புரூஸ் லான்ஸ்பரி பிற்பகுதியில் தயாரிப்பில் இருந்தார். குடும்பக் கம்பெனி என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். 1985இல் ஓர் எபிசோடில் ஜெசிகாவின் லண்டன் உறவுக்காரியாக, இசைமண்டபப் பாடகியாக, லான்ஸ்பரியே இரட்டை வேடம் போட்டார். அந்தப் பாத்திரத்தின் பெயர் எம்மா மகில். மகில், அவருடைய அம்மாவின் மேடைப்பெயர். அம்மா இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது.

இடையில் களைத்தும் போனார். வாரம் ஒரு எபிசோடு, எல்லாக் காட்சியிலும் அவர், அறுபதைத் தாண்டிய உடம்பு. 1989 முதல் இரண்டு வருடம் ஒரு சமரசம்: சில வாரங்களில் டீச்சர் தொடக்கத்தில் வந்து கதை சொல்ல ஆரம்பித்து, கடைசியில் வந்து முடித்து வைப்பார், நடுவில் கீத் மிச்செல் போல வேறு யாராவது துப்பறிவார்கள். தன் வீட்டிலேயே அவர் விருந்தாளியான எபிசோடுகள். அம்மா இவற்றைக் கண்டாலே, "டீச்சர் லீவு, மாத்து" என்பாள். எனக்கும் அவை ரசிக்கவில்லை. 1992இல் அவரே நிர்வாகத் தயாரிப்பாளராகி, பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பதினோரு வருடம் ஞாயிறு இரவு எட்டு மணி என்பது மாறவே இல்லை. 1995இல் சிபிஎஸ் அதைத் தூக்கி வியாழக்கிழமையில் போட்டது, எதிர் சேனலில் 'ஃபிரெண்ட்ஸ்' ஓடுகிற அதே நேரத்துக்கு. விளம்பரதாரர்களுக்கு இளசுகள் வேண்டும். டீச்சரைப் பார்க்கிறவர்களோ பெரியவர்கள். அந்த ஒரே வருடத்தில் பார்வையாளர் கூட்டம் கரைந்தது, 1996 மே மாதம் தொடர் முடிந்தது. ஆனால் சும்மா போகவில்லை. கடைசி சீசனில் 'மர்டர் அமாங் ஃபிரெண்ட்ஸ்' என்று ஒரு எபிசோடு. 'பட்ஸ்' என்ற பெயரில், நண்பர்கள் கூட்டம் ஒன்றைப் பற்றிய டிவி நகைச்சுவைத் தொடரின் செட்டில் கொலை. கடைசி எபிசோடின் தலைப்பு 'டெத் பை டெமோகிராஃபிக்ஸ்'. பார்வையாளரை வயது வாரியாகப் பிரிக்கிற கணக்கே கொலைகாரன் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். இவ்வளவு நாசூக்காக யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

எம்மி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு சீசன், பன்னிரண்டு பரிந்துரை, ஒரு விருது இல்லை. டைன் டேலி, ஷாரன் கிளெஸ், கேத்தி பேக்கர் என்று ஒவ்வொரு வருடமும் வேறு யாராவது மேடையேற, இவர் கீழே உட்கார்ந்து கைதட்டினார். வாழ்நாள் மொத்தம் 18 பரிந்துரை. கோல்டன் குளோப் மட்டும் இந்த வேடத்துக்கு நான்கு தடவை கிடைத்தது. நடுவர்களைத் திட்ட எனக்கு ஆசைதான். ஆனால் அந்த வருடங்களில் ஜெயித்தவர்களும் நன்றாகவே நடித்தார்கள், என்ன செய்ய.

அந்தப் பதினெட்டில் ஒன்று எனக்கு முக்கியம். 2005, லான்ஸ்பரிக்கு எழுபத்தொன்பது வயது. 'லா அண்ட் ஆர்டர்: எஸ்வியு'விலும் அதன் சகோதரத் தொடரிலுமாக நீண்ட ஒரு கதையில் விருந்தாளியாக வந்தார். பெண்களைச் சீரழிக்கிற மகனைப் பணத்தால் மூடிக் காப்பாற்றுகிற பணக்கார அம்மா. மகனாக ஆல்ஃபிரெட் மோலினா. டீச்சரின் அதே புருவம், அதே உதட்டு மடிப்பு. ஆனால் இங்கே அது கேட்பதில்லை, கணக்குப் போடுகிறது. அம்மா பார்த்துவிட்டு, "இது டீச்சர் இல்ல" என்று உறுதியாகச் சொல்லிவிட்டாள். சிறந்த விருந்தாளி நடிகைக்கான எம்மி பரிந்துரை கிடைத்தது. பரிசு அமாண்டா பிளம்மருக்குப் போனது, அதே 'எஸ்வியு'வின் வேறொரு எபிசோடுக்காக.

2017இல், தொண்ணூறைத் தாண்டிய வயதில், பிபிசியின் 'லிட்டில் விமன்' குறுந்தொடரில் அத்தை மார்ச். 2022 அக்டோபர் 11 அன்று, தொண்ணூற்றேழாவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, தூக்கத்திலேயே போய்விட்டார். நான் செய்தியைப் படித்துச் சொன்னேன். அம்மா அதற்குள் வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். அப்படியா என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே நின்றாள்.

அந்த வருடக் கடைசியில் 'கிளாஸ் ஆனியன்' நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதில் லான்ஸ்பரி சில வினாடிகள் வருகிறார், லான்ஸ்பரியாகவே. துப்பறிகிற பெனுவா பிளாங்க் கொரோனா முடக்கத்தில் குளியல்தொட்டியில் கிடந்தபடி வீடியோ காலில் நண்பர்களுடன் 'அமாங் அஸ்' ஆடிக்கொண்டிருக்கிறான். கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. சின்னச் சின்னக் கட்டங்களில் 'ஸ்வீனி டாட்'டுக்கு இசையமைத்த ஸ்டீவன் சொண்ட்ஹைம், கரீம் அப்துல் ஜப்பார், நடாஷா லியோன், அப்புறம் அவர். படம் வந்தபோது சொண்ட்ஹைமும் உயிரோடில்லை.

அம்மாவும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். அந்தச் சின்னக் கட்டத்தில் முகம் வந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர்ல்லா!"

"ஆமாம்மா. சும்மா ஒரு நிமிசம் வந்துட்டுப் போறாங்க."

"சும்மாவா?" என்று என்னைப் பார்த்தாள். "அவ்வளவு பெரிய ஆளு."

படம் இரண்டேகால் மணிநேரம். தீவு, பணக்காரன், கண்ணாடி மாளிகை, கொலை, எல்லாம் நடந்தது. கடைசிவரை அம்மா வேறு யாரையும் சந்தேகப்படவில்லை.